ப்ராஜெக்ட் தலைப்பு இருக்கிறது, ஆய்வுக் கேள்வி இருக்கிறதா?

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நூலகத்தில் கூட்டம் கூடிவிடும். இளங்கலை கடைசி ஆண்டும் முதுகலை இரண்டாம் ஆண்டும் ப்ராஜெக்டுக்காக வந்து நிற்பார்கள். "சார், சீமைக் கருவேலம் பத்தி புக் இருக்கா?" என்பதுதான் தென்மாவட்டக் கல்லூரி நூலகத்தில் வருடம் தவறாமல் கேட்கும் குரல். தாவரவியல், பொருளாதாரம், வரலாறு என்று எந்தத் துறையிலிருந்தும் இந்தத் தலைப்பு வரும். அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொண்டு, நூலகராக நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"சீமைக் கருவேல மரத்தின் பாதிப்புகள்" என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தால் அது தலைப்பு மட்டும்தான். பாதிப்பு உண்டு என்று தலைப்பிலேயே முடிவு சொல்லியாகிவிட்டது, பிறகு தேடிக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? அப்படித் தொடங்கும் ப்ராஜெக்ட் எல்லாமே ஒரே மாதிரித்தான் முடிகிறது. மரத்தின் தாயகம் ஒரு பக்கம், தீமைகள் பத்துப் பக்கம், "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரு முடிவுரை. மூன்று மாத உழைப்பு வீணாகிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கேள்வி பெரும்பாலும் மாணவரின் கையருகிலேயே கிடக்கும். பொருளாதாரம் படிக்கும் ஒரு பெண்ணிடம், "உங்க ஊர்ல இந்த மரத்தை யாரும்மா வெட்டுறாங்க?" என்று கேட்டேன். "எங்க மாமாவே கரிமூட்டம்தான் சார் போடுறாரு" என்றார். மழை பொய்த்த வருடம் கரிதான் சோறு போட்டது என்றும் சொன்னார். சரி, 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதே, அப்போது உங்கள் மாமா என்ன செய்தார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் அதுதான் கேள்வி. "2017 உத்தரவுக்கு முன்னும் பின்னும், இந்த ஊராட்சியில் கரிமூட்டம் போடும் குடும்பங்களின் வருமானம் எப்படி மாறியது?" இதில் இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, யாரைப் பற்றி என்பது இருக்கிறது. விடை என்னவென்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வருமானம் குறைந்திருக்கலாம். அகற்றும் வேலையே கூலியாகக் கிடைத்து, கூடியும் இருக்கலாம். அதே ஆண்டு அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்ததால், ஒன்றுமே மாறாமலும் போயிருக்கலாம். மூன்றில் எது வந்தாலும் அது ஒரு கண்டுபிடிப்புதான்.

கேள்வி பெரிதாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். "சீமைக் கருவேலம் நிலத்தடி நீரைக் குறைக்கிறதா?" நல்ல கேள்வி. ஆனால் அதற்குக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், பல வருட அளவீடு வேண்டும், மரம் இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட வேண்டும். மார்ச் மாதம் சமர்ப்பிக்க வேண்டிய ஒருவரால் இது ஆகாது. இருபது குடும்பங்களிடம் உட்கார்ந்து பேச முடியும். கிராம நிர்வாக அலுவலரிடம் முறைப்படி அனுமதி கேட்டு அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு) சில பசலி ஆண்டுகளை, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டுகளை, பார்க்க முயலலாம். மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் பருவ, பயிர் அறிக்கையில் தரிசு நிலக் கணக்கை எடுக்க முடியும். கையில் கிடைக்கும் ஆதாரத்துக்குத் தக்கபடிதான் கேள்வியை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகும் அது அப்படியே நிற்காது. நாலு கட்டுரை படித்ததும் மாறும், மாறத்தான் வேண்டும். எத்தியோப்பியாவின் அஃபார், கென்யாவின் பாரிங்கோ, குஜராத்தின் பன்னி புல்வெளி என்று இதே மரம் பரவிய இடங்களில் மேய்ச்சல்காரர்களையும் கரி சுடுபவர்களையும் வைத்து ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதுதான், நம் ஊரில் ஆடு வைத்திருப்பவரும் கரிமூட்டம் போடுபவரும் இந்த மரத்தை ஒரே கண்ணால் பார்க்க மாட்டார்களே என்று உறைக்கும். கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகும்.

அடுத்தது ஆதாரம். இந்த மரத்தைப் பற்றிய ப்ராஜெக்டுகளில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிவிட்ட வரி ஒன்று உண்டு: "இதன் வேர் 53 மீட்டர் ஆழம் வரை சென்று நீரை உறிஞ்சும்." சிலர் 175 அடி என்று எழுதுவார்கள், இரண்டும் ஒரே அளவுதான். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றால் ஒரு இணையதளத்தைக் காட்டுவார்கள். அந்த இணையதளம் ஒரு நாளிதழைக் காட்டும். நாளிதழில் "ஆய்வாளர்கள் கூறுகின்றனர்" என்று இருக்கும். அந்த ஆய்வாளர் யார் என்று பிடிவாதமாகப் பின்னால் போனால், 1963இல் 'ஈகாலஜி' என்ற அமெரிக்க ஆய்விதழில் வந்த ஒரு சிறு குறிப்பில் போய் நிற்கும். அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்கு அருகே, திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றைத் தோண்டியபோது அந்த ஆழத்தில் வேர் தென்பட்டதை ஃபிலிப்ஸ் என்பவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அதாவது ஒரு இடத்தில், பாலைநிலத்தில், ஒரு முறை கண்டது. அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்து அமெரிக்கத் தாவரவியல் நூல்களில், சீமைக் கருவேலத்தின் தாவரவியல் பெயரான பிரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற பெயருக்குள், இன்று தனித்தனி இனங்களாகப் பிரித்துவிட்ட மரங்களும் சேர்ந்திருந்தன. டூசான் பகுதியில் இயல்பாக வளர்வதை இன்று வெலுட்டினா என்ற வேறு இனமாகவே சொல்கிறார்கள். பரமக்குடிக் கண்மாயில் நிற்கும் மரத்தின் வேரைப் பற்றி அந்த வரி எதையும் நிரூபிக்காது. நம் ஊரில் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்குத் தனி அளவீடு வேண்டும்.

இப்படி ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த இடம்வரை போய்ப் பாருங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். ஒரு முறை செய்துவிட்டால் போதும், அதன்பிறகு எந்தப் புள்ளிவிவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எழுத மனம் வராது.

வரலாற்றுத் துறை மாணவர்கள் வேறொரு வரியோடு வருவார்கள். "காமராஜர் ஆட்சியில் வெளிநாட்டிலிருந்து விதை வரவழைத்துத் தூவினார்கள்." ஊரில் பெரியவர்கள் எல்லோரும் சொல்வதுதான். இதில் இரண்டு செய்திகள் பின்னிக்கிடக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி. இந்தியாவுக்கு 1877 வாக்கிலேயே வந்துவிட்டது என்று வனவியல் நூல்கள் பதிவு செய்கின்றன. அப்போது காமராஜர் பிறக்கவே இல்லை. அப்படியானால் 1950களில் அரசு விதை தூவியதா, எந்தத் துறை, எந்த மாவட்டத்தில் என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வனத்துறை அரசாணைகளிலும் நிர்வாக அறிக்கைகளிலும் தேட வேண்டியது. முதுகலை வரலாறு படிப்பவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்காது. ஆணை கண்ணில் படும்வரை "மக்களிடையே இப்படி ஒரு நம்பிக்கை உள்ளது" என்று எழுதுங்கள், அது நேர்மையான வாக்கியம்.

தேடும் சொல் விஷயத்தில் நம் பிள்ளைகள் நிறையத் தடுமாறுகிறார்கள். தமிழில் "சீமைக் கருவேலம்" என்று மட்டும் தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். "வேலிக்காத்தான்" என்றும் தேட வேண்டும். ஆங்கிலத்தில் மெஸ்கீட், வட இந்திய ஆய்வுகளுக்கு விலாயதி பபூல், குஜராத்துக்கு காண்டா பாவல், கென்யாவுக்கு மதெங்கே. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாவரவியல் பெயர். அதிலும் 2022இல் வகைப்பாடு மாறி நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது. பழைய பெயரில் மட்டும் தேடினால் புதிய கட்டுரைகள் சில கண்ணில் படாது. ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். ராமநாதபுரத்தைப் பழைய ஆவணங்களில் ராம்நாட் என்றும், திருநெல்வேலியைத் தின்னவெல்லி என்றும், திருச்சியைத் திரிச்சினோபொலி என்றும் தேடினால்தான் சிக்கும்.

கூகுள் ஸ்காலரில் பொருத்தமான கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதை வைத்தே மற்றவற்றைப் பிடிக்கலாம். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கீழே இருக்கும் 'சைட்டட் பை' என்ற இணைப்பு, அந்தக் கட்டுரையை எடுத்தாண்டு பிறகு வந்தவற்றைக் காட்டும். பெரும்பாலான மாணவர்கள் இந்த இணைப்பை அழுத்தியதே இல்லை என்பது ஒவ்வொரு வருடமும் எனக்குப் புதிதாக ஆச்சரியம் தருகிறது.

"எல்லாத்துக்கும் டாலர்ல காசு கேக்குது சார்" என்ற பேச்சு இப்போது பாதிதான் உண்மை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கியது. உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால், உங்கள் பெயரில் கணக்கு தொடங்கித் தரும்படி நூலகரைப் போய்க் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. உதவி பெறும் கல்லூரிகளுக்கு இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் என்-லிஸ்ட் மின்னிதழ்ச் சேவை இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் டிஓஏஜே என்ற இணையப் பட்டியலில் உள்ள திறந்த அணுக்க இதழ்கள், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழ்கள், இருக்கின்றன. கட்டுரை ஆசிரியரின் மின்னஞ்சல் முதல் பக்கத்திலேயே இருக்கும், மரியாதையாக நாலு வரி எழுதிக் கேட்டால் பலர் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2009இல் விதிமுறை கொண்டுவந்ததால் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இயல் வாரியாகத் தனிக் கோப்பாக இருக்கும். உங்கள் மாவட்டத்தைப் பற்றிய ஆய்வேட்டை எடுத்து, முன்னாய்வு இயலையும் (அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுக்கும் பகுதி) நூற்பட்டியலையும் மட்டும் முதலில் படியுங்கள். அந்த வாக்கியங்களை அப்படியே தூக்கிவைப்பவர்களும் இருக்கிறார்கள். யூஜிசியின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால்தான் தண்டனையின்றி விடப்படும். அதைவிடவும், இன்னொருவரின் உழைப்பைத் தன் பெயரில் போடுவது தப்பு. தமிழில் பழைய நூலோ இதழோ வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டையும் பார்க்காமல் "தமிழில் ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள்.

கிடைத்ததெல்லாம் ஆய்வுக் கட்டுரை ஆகிவிடாது. ஐஎஸ்எஸ்என் எண் போட்டிருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காண ஒரு எண், தரத்துக்குச் சான்று அல்ல. யூஜிசி ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலான 'யூஜிசி கேர்' பெயரை இன்னும் அட்டையில் போட்டுக்கொள்ளும் இதழ்கள் உண்டு. அந்தப் பட்டியலை யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்ட, ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013இல் 'சயின்ஸ்' இதழ் அதை வெளியிட்டது. ஆகவே இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தத் துறையினரா, மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று ஆசை காட்டுகிறதா என்று பாருங்கள். கட்டுரை எப்படி ஆய்வு செய்தது என்று விளக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். அதுவே இல்லையென்றால் மூடிவைத்துவிடலாம்.

இப்போது சாட்ஜிபிடி தந்த மேற்கோள் பட்டியலோடு வருகிறார்கள். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இப்படிக் கிடைத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண்ணை இணையத்தில் திறந்து பாருங்கள். கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

துறைப் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரிசை எண்படி தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்து, முதல் வாரமே பதிவேட்டில் ஏற்றி, அதன்பின் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று சொல்லும் துறைகள் இருக்கின்றன. படித்த பிறகு கேள்வி மாறும்போது அந்தப் பிள்ளை என்ன செய்வார்? பழைய தலைப்புக்குள் புதிய விஷயத்தைத் திணிப்பார், அல்லது படிப்பதையே விட்டுவிடுவார். முதல் மாதம் முழுவதும் படிக்க விடுங்கள். பிப்ரவரி நடுவில் ஒரு நாள் குறித்து, ஒவ்வொருவரும் தன் கேள்வியையும், அதற்காக உண்மையில் படித்த ஐந்து கட்டுரைகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தலைப்பை அன்று முடிவு செய்தால் போதும்.