ஏழு இடம் காட்டும் கிரேக்க டூர்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கிரேக்கத்துக்குக் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர் நான். சீசன் தொடங்குவதற்கு முன் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று கம்பெனிகளின் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இவங்க ஏழு இடம் காட்டுறாங்க, அவங்க அஞ்சுதான். எதுல போகலாம்?" என்று கேட்பார்கள். அந்த ஏழில் எத்தனை இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிறோம், உள்ளே எத்தனை மணி நேரம் இருக்கிறோம் என்று கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

திட்டத்தில், ஏதென்ஸ் நடுவே பழங்காலக் கோயில்கள் நிற்கும் குன்றான "அக்ரோபோலிஸ்" பெயர் பெரிதாக இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் "வெளியிலிருந்து" என்றோ "நுழைவுக் கட்டணம் தனி" என்றோ இருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 30 யூரோ. முன்பு அதே 30 யூரோவுக்கு அக்ரோபோலிஸோடு ஏதென்ஸின் ஏழு தொல்லியல் தளங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு கிடைத்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். விலையைக் குறைத்துக் காட்ட நினைக்கும் கம்பெனி முதலில் கை வைப்பது இங்கேதான். ஏதென்ஸ் வரை போய்விட்டு, மலையடிவாரத்தில் இருபது நிமிடம் போட்டோ எடுத்துத் திரும்புவது என்ன பயணமோ, எனக்குப் புரிவதில்லை.

உள்ளே போவதானால், எத்தனை மணி ஸ்லாட் என்று கேளுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து அக்ரோபோலிஸுக்கு நாளொன்றுக்கு 20,000 பேர்தான். சீட்டிலேயே நேரம் இருக்கும். கோடையில் காலை எட்டு மணி ஸ்லாட் கிடைத்தால் பாதி வெற்றி. மேலே பாறையில் மரநிழல் கிடையாது. 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெயில் கடுமையானபோது நண்பகலிலிருந்து மாலை ஐந்து மணி வரை அரசே மூடிவைத்தது. 'மதிய உணவுக்குப் பின் அக்ரோபோலிஸ்' என்று ஜூலை மாதத் திட்டத்தில் பார்த்தால், அந்தத் திட்டத்தைப் போட்டவர் அங்கே போனதே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பு வேண்டாம். பல தலைமுறைக் காலடிகள் பட்டு அந்தப் பாறையும் பளிங்கும் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டன. மழை பெய்யாமலே வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஷூ அவசியம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வடக்குச் சரிவில் லிஃப்ட் இருக்கிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டும். பலத்த காற்றடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் முழுக்க நம்பியும் இருக்க முடியாது.

மேலே போனதும் எங்கள் ஆட்களிடமிருந்து வரும் முதல் புகார், "என்ன சார், சாரம் கட்டி வச்சிருக்காங்க, போட்டோ கெட்டுப்போச்சு." அந்தச் சாரத்தின் கதை சுவையானது. கி.மு. 447-இல் குன்றின் மேலுள்ள பெரிய கோயிலான பார்த்தினனைக் கட்டத் தொடங்கியவர்கள், பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்து, இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். துரு பிடிக்காமல் இருக்கத்தான். 1687-இல், துருக்கியர்கள் உள்ளே வெடிமருந்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறிப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த தூண்களை நிமிர்த்தினார். அவர் போட்ட இரும்புக்கு ஈயக் கவசம் இல்லை. இரும்பு துருவேறி உப்பி, பளிங்கையே பிளந்தது. 1975-இல் இதற்கென்று ஒரு குழு அமைத்து, அவர் வைத்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்தி வருகிறார்கள். புதிதாகச் சேர்க்கும் கல்லும் பழையதைப் போலவே பெண்டெலி மலைப் பளிங்குதான். தூணில் தேன் நிறம் பழையது, வெள்ளைத் திட்டு புதியது. இதைச் சொன்ன பிறகு யாரும் சாரத்தைத் திட்டுவதில்லை. எது பழசு எது புதுசு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் இதை நான் தளத்துக்குள் நின்று சொல்ல மாட்டேன், பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிடுவேன். கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களிலும் அருங்காட்சியகங்களிலும் அரசு உரிமம் பெற்ற கைடு மட்டுமே குழுவுக்கு விளக்கம் சொல்லலாம். 1977-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். கைடிடம் அட்டை இருக்கும், காவலர்கள் கேட்பார்கள். 'எங்கள் டூர் மேனேஜரே எல்லாம் விளக்குவார்' என்று ஒரு கம்பெனி சொன்னால் உஷாராகுங்கள். உள்ளூர் கைடு எந்தெந்தத் தளத்தில் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். பல பேக்கேஜ்களில் ஏதென்ஸில் மட்டும் இருப்பார், மற்ற இடங்களில் நீங்களே பலகையைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தை நேரமில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். ஷாப்பிங்குக்கு மட்டும் நேரம் எப்படியோ கிடைக்கிறது! 2009-இல் திறந்த கட்டடம். மேல்தளக் கண்ணாடி அறையை, எதிரே குன்றில் தெரியும் பார்த்தினன் எந்தத் திசையில் அமைந்திருக்கிறதோ அதே திசையில் திருப்பி அமைத்திருக்கிறார்கள். அசல் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிபவை பிளாஸ்டர் நகல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் அசல், பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனது, லண்டனில் இருக்கிறது. காலையில் குன்று, வெயில் ஏறியதும் ஏசி அருங்காட்சியகம். இந்த வரிசை உடம்புக்கும் நல்லது.

சரி, ஏதென்ஸுக்கு வெளியே? பழங்காலத்தில் குறி கேட்கப் போன மலைத்தலமான டெல்ஃபி சுமார் 180 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பினால் சாலையிலேயே ஐந்தாறு மணி நேரம் போய்விடும். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டிய டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. நம் ஊர் மாதிரி "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பது நடக்காது. காலை இட்லிப் பொட்டலம் தேடி அரை மணி நேரம் தாமதித்தால், அந்த அரை மணியை டெல்ஃபியில் வெட்டுவார்கள். சரிவில் அப்பல்லோ கோயில், அதற்கு மேலே அரங்கம், உச்சியில் ஓட்டப்பந்தயக் களம். பெரும்பாலான குழுக்கள் அரங்கத்தோடு திரும்பிவிடுகின்றன. வெண்கலத் தேரோட்டி சிலை இருக்கும் அருங்காட்சியகத்துக்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரைக்கே மூடிவிடுவார்கள். அங்கேயோ பக்கத்து ஊரான அராகோவாவிலோ ஒரு இரவு தங்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள்.

நாள் குறைவாக இருந்தால், பழைய ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. 192 மீட்டர் ஓடுதளம் அருமைதான், ஆனால் ஏதென்ஸிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். பழங்காலக் கோட்டை நகரமான மைசீனியையும், பழைய கல் அரங்கம் இருக்கும் எபிடாரஸையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். கிரீட் தீவுக்குப் போனால், க்னோசாஸ் அரண்மனையின் சிவப்புத் தூண்கள் அங்கே அகழாய்வு செய்த ஆர்தர் எவன்ஸ் எழுப்பியவை, அங்கே தெரிவதில் நிறைய 1920-களின் கான்கிரீட் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். நல்ல கைடு முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம், தளத்தில் கிடக்கும் கூழாங்கல், ஓட்டுச் சில்லு எதையும் நினைவுக்காகப் பையில் போடாதீர்கள். தொல்பொருளை எடுத்துச் செல்வது குற்றம், விமான நிலையத்தில் சிக்கினால் டூர் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாது. அருங்காட்சியகத்தில் சிலை மாதிரியே கையைத் தூக்கிப் பக்கத்தில் போஸ் கொடுத்தால் காவலர் அதட்டுவார். அதை அவமரியாதையாகப் பார்க்கிறார்கள். சிலையை மட்டும், ஃபிளாஷ் இல்லாமல், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.