பெயின்ட் ஏன் ஸ்டென்சிலுக்கு அடியில் நுழைகிறது?

போன மே மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், ஒன்பதாவது பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் ஸ்டென்சில் பெயின்டிங் சொல்லிக்கொடுத்தோம். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் 'வாசி' என்று வெட்டி, துணிப்பைமேல் வைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஷீட்டைத் தூக்கிப் பார்த்தால் முக்கால்வாசிப் பைகளில் எழுத்துக்கு மீசை முளைத்திருந்தது. "நல்லா அழுத்தித்தான் புடிச்சேன் அக்கா" என்றாள் ஒரு பெண். உண்மைதான், நானே பார்த்தேன்.

எவ்வளவு அழுத்தினாலும் துணியின் நெசவு மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஷீட்டுக்கு அடியில் மயிரிழை அளவுக்காவது சந்து இருக்கும். ஈரம் ஒட்டக்கூடிய பரப்புகளுக்கு இடையே இப்படிச் சந்து கிடைத்தால் திரவம் தானாகவே உள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விளைவு. சந்து பாதியாகக் குறுகினால் உள்ளே இழுக்கும் அழுத்தம் இரண்டு மடங்காகும். அப்படியென்றால் அழுத்திப் பிடிப்பது வீணா என்று கேட்டால், இல்லை. குறுகலான சந்தில் திரவம் நகர்வதும் கஷ்டம், கெட்டியான திரவத்துக்கு இன்னும் கஷ்டம். இழுக்கும் விசைக்கும் இந்தத் தடைக்கும் நடக்கும் போட்டியில் நம் கையில் இருப்பது பெயின்ட்டின் கெட்டித்தன்மைதான். பிள்ளைகள் என்ன செய்திருந்தார்கள் என்றால், சீக்கிரம் பரவட்டும் என்று பெயின்ட்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கியிருந்தார்கள்!

அக்ரிலிக் பெயின்ட் என்பது தண்ணீரில் நிறமியும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் மிதக்கும் கலவை. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். டியூபிலிருந்து வரும் பெயின்ட், தக்காளி சாஸ் மாதிரி, தள்ளினால் ஓடும், விட்டால் நின்றுவிடும். தண்ணீர் கலந்தால் அந்த நிற்கும் குணம் போய்விடுகிறது. அதனால் இரண்டாவது சுற்றில் தண்ணீர்க் குவளைகளையே எடுத்துவிட்டோம். ஸ்பாஞ்ச் துண்டைப் பெயின்ட்டில் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, 'ஐயோ, ஒன்றுமே இல்லையே' என்று தோன்றும் அளவுக்கு வந்தபிறகு, செங்குத்தாக ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் தேய்த்தால் நாமே பெயின்ட்டை விளிம்புக்கு அடியில் தள்ளிக் கொடுக்கிறோம்.

இன்னொரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது: முதலில் பையின் நிறத்திலேயே பெயின்ட் எடுத்து விளிம்பில் ஒத்தி, காயவிட வேண்டும். கசிவது கசியட்டும், கண்ணுக்குத் தெரியாது, சந்தும் அடைபட்டுவிடும். அப்புறம் வேண்டிய நிறம்.

வாசலில் கோல அச்சை வைத்துப் பொடி தூவும்போது இந்தத் தொல்லையே கிடையாது, உலர்ந்த பொடியைச் சந்து உறிஞ்சாது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச்சுவரில், குறைந்தது 39,900 ஆண்டுகளுக்கு முன் யாரோ கையை வைத்து அதைச் சுற்றி நிறமியைத் தெளித்திருக்கிறார்கள். அங்கே கையே ஸ்டென்சில்.

'வ'வில் வேறு சிக்கல். அதன் வட்டத்துக்குள் இருக்கும் துண்டு, முழுசாக வெட்டினால் கீழே விழுந்துவிடும். பிடித்துக்கொள்ள சின்னப் பாலம் விட வேண்டும். ஜப்பானில் துணிக்குச் சாயமிடும் கைவினைஞர்கள், பெர்சிமன் பழச்சாறு ஏற்றிய காகித ஸ்டென்சில்களில் இப்படித் தனித்து நிற்கும் துண்டுகளைப் பட்டு நூலால் கட்டி நிறுத்தினார்கள். நூல் மெலிசு என்பதால் சாயத்தில் அதன் தடமே விழாது. கல்யாண மஞ்சப்பையில் பெயர் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்கிலும் அதே வேலையை வலைத்துணி செய்கிறது.

அந்தப் பெண்ணின் இரண்டாவது பை அருமையாக வந்தது. ஷீட்டை மட்டும் முழுசாகக் காயும்வரை வைத்துவிட்டாள். படலம் ஷீட்டோடும் துணியோடும் சேர்ந்து இறுகிவிட்டதால் தூக்கும்போது 'சி'யின் மேல்வளைவு கொஞ்சம் பிய்ந்துகொண்டு வந்தது. பிரஷ்ஷால் தொட்டு ஒட்டுப்போட்டோம்.