மடக்குக்கத்தி வாங்கப் போகிறீர்களா?

கடைசி நாள் சிகிச்சைக்கு வந்த தம்பி, மேசை மேல் இரண்டு மடக்குக்கத்திகளை எடுத்து வைத்தார். "அக்கா, ரெண்டுல எதை வச்சுக்கிறது? நீங்களே சொல்லுங்க." அந்த இரண்டில் ஒன்றுதான் மூன்று மாதத்துக்கு முன் அவருடைய வலது ஆள்காட்டி விரலை அறுத்தது.

பினாங்கில் கை சிகிச்சை பார்ப்பவள் நான். வெட்டுப்பட்ட நரம்பையும் தசைநாரையும் தைப்பது டாக்டர். தைத்த விரலை மறுபடியும் மடக்க வைப்பது என் வேலை. அந்தத் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். டுரியான் பழக் காலம். பாலிக் பூலாவில் சொந்தக்காரர் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். பாராங் எனும் பெரிய வெட்டுக்கத்தி வேறு யார் கையிலோ இருக்க, இவர் தன் பையிலிருந்த மடக்குக்கத்தியை எடுத்திருக்கிறார். பழத்தின் அடியில் சுளைக்கோடுகள் நட்சத்திரம் போல வந்து கூடும் இடம் இருக்கிறதே, அங்கே முனையைக் குத்தி ஒரு திருகு. அலகு தோலுக்குள் மாட்டிக்கொண்டது, கைப்பிடி மட்டும் திரும்பியது. கத்தி அவர் விரல் மேலேயே மடங்கிவிட்டது.

மடக்குக்கத்திக் காயம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் விரல்களின் உட்பக்கம், அதிலும் ஆள்காட்டி விரல். வெளியே பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கீறல்தான். உள்ளே அந்த இடத்தில் விரலை மடக்கும் இரண்டு தசைநார்கள் ஒரு குறுகலான குழாய்க்குள் ஓடுகின்றன. மேலே ஓடும் நார் இரண்டாகப் பிளந்து வழிவிட, அடியில் ஓடும் நார் அந்தப் பிளவின் நடுவே புகுந்து விரல் நுனிக்குப் போகிறது. இவ்வளவு நெருக்கடியான இடத்தில் தைத்தால் தையல் வீங்கும், குழாயோடு ஒட்டிக்கொள்ளும். கை அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்தில் இந்தப் பகுதியை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே அழைத்தார்கள். தொட்டால் வம்பு என்று அர்த்தம்.

சரி, அப்புறம்? விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் என்ற பட்டை ஆறு வாரம். அசைக்காமல் வைத்தால் விரல் ஒட்டிப்போகும், வேகமாக மடக்கினால் தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மணிக்கொரு தரம் மெல்ல அசைக்கச் சொல்வோம். கனமான பொருள் தூக்கக் கிட்டத்தட்ட 12 வாரம் ஆகும். விரலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வு நரம்பும் அறுந்திருந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இந்தத் தம்பிக்கு ஒரு பக்க நரம்பும் போயிருந்தது. ஒரு கத்தி மடங்க அரை நொடி, அதற்கு இத்தனை கணக்கு.

அவர் செய்த தவறு ஒன்றை நீங்கள் செய்யாதீர்கள். காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு, ரத்தம் நின்றதும் "சின்ன வெட்டுதான்" என்று இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டார். விரலில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ரத்தம் நின்ற பிறகு, நடு மூட்டை மறுகையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் லேசாக மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லை என்றாலோ, நுனியின் ஒரு பக்கம் மரத்திருந்தாலோ கீறல் எத்தனை சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அறுந்த நார் உள்ளங்கைப் பக்கம் சுருங்கி ஏறிவிடும், நாள் போகப் போக இழுத்துத் தைப்பது சிரமம். மடங்குகிறது என்பதற்காகவும் விட்டுவிட முடியாது, நார் பாதி அறுந்திருந்தாலும் விரல் மடங்கும். மஞ்சள், காப்பித்தூள் எல்லாம் சமையலுக்கு. டாக்டர் அதைக் கழுவி எடுக்கவே தனியாக நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

இனி மேசை மேல் இருந்த இரண்டு கத்திகள். ஒன்று பிரான்சின் ஓப்பினெல் 8ஆம் நம்பர்: பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. மற்றது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஸ்பார்டன்: சிவப்புக் கைப்பிடி, மடித்தால் 91 மில்லிமீட்டர். ஓப்பினெல்லுக்குப் பூட்டு உண்டு. அலகைத் திறந்து, கழுத்திலுள்ள உலோக வளையத்தை விரலால் திருப்பினால் அலகு மடங்காது. 1955இல் வந்த ஏற்பாடு இது, எளிமையானது, உறுதியானது. ஸ்பார்டனில் பூட்டே இல்லை. கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அலகைத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பூட்டுள்ளதுதானே பாதுகாப்பு? எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தம்பியை வெட்டியது ஓப்பினெல். வளையத்தைத் திருப்ப மறந்துவிட்டார். பூட்டுள்ள கத்தி என்ற தைரியத்தில் குத்தித் திருகியிருக்கிறார். கையில் ஸ்பார்டன் இருந்திருந்தால் அந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன் என்று அவரே சொன்னார். கத்தியைக் கூர்ப்பக்கம் அழுத்தி அறுக்கும்போது அலகு இன்னும் திறக்கவே பார்க்கும், அப்போது பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. குத்தும்போது, நெம்பும்போது, அட்டைப்பெட்டியில் மாட்டிய அலகை வெடுக்கென்று இழுக்கும்போதுதான் அது விரல் பக்கம் மடங்கும். என் அனுபவத்தில், இருந்தும் போடாத பூட்டு, இல்லாத பூட்டைவிட மோசம்.

இன்னொன்று நம் ஊர் காற்று. பினாங்கின் ஈரத்தில் மரக் கைப்பிடி ஊதும். ஊதினால் அலகு இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. உடனே சிலர் பல்லால் இழுப்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிரான்சில் அதுதான் வழக்கம். கழுவினால் தண்ணீரில் ஊறவிடாமல் உடனே துடையுங்கள். ஓப்பினெல்லில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகை உண்டு. கடலோரத்தில் வாழும் நாம் முதல் வகையை வாங்கினால் மாங்காய் நறுக்கிய அன்றே கறுக்கும், துடைக்காமல் போட்டால் துருவேறும். ஸ்பார்டனுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதன் ஸ்பிரிங் அழுத்தமானது. கட்டைவிரல் மூட்டு தேய்ந்த வயதானவர்களுக்கு நகம்தான் உடையும். கடையிலேயே பத்து முறை திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள்.

தினமும் கூட வைத்துக்கொள்ள என்றால் என் ஓட்டு ஸ்பார்டனுக்கு. நூல், பார்சல், பழம், எப்போதாவது ஒரு திருகாணி, இதற்குமேல் நமக்கு என்ன வேலை? வேலையிடத்தில் நாள் முழுக்கப் பெட்டி பிரிப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, கையை எடுத்ததும் அலகு உள்ளே போய்விடும் கட்டரை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

கூட வைத்துக்கொள்வது என்றதும் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின் 6ஆவது பிரிவில், முறையான காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் கிடைக்கலாம். தோட்டத்துக்கோ வேலைக்கோ போகும்போது கொண்டுபோவது வேறு, ராத்திரி சாப்பாட்டுக் கடைக்கு இடுப்பில் மாட்டிக்கொண்டு போவது வேறு. ரோட்டில் போலீஸ் தடுப்பில் நிறுத்தும்போது "சும்மா வச்சிருக்கேன் சார்" என்பது பதிலே ஆகாது. விமானத்தில் கைப்பையில் வைக்கவும் வேண்டாம்.

தம்பி ஸ்பார்டனைப் பையில் போட்டுக்கொண்டார். "மடக்கிக் காட்டுங்க" என்றேன். நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி. ஓப்பினெல் இப்போது அவர் அம்மாவின் அடுப்படியில் இருக்கிறது. பூட்டினால் மட்டும் நேர்க்கோட்டில் வரும்படி, வளையத்தில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாகச் சிவப்பு நகப்பாலிஷில் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார். புள்ளி சேரவில்லை என்றால் அம்மா வெங்காயத்தைக்கூடத் தொட விடுவதில்லையாம்.