சோற்றை நிறுத்தினீர்கள், மாத்திரையை என்ன செய்தீர்கள்?

போன வாரம் சர்க்கரை நோயுள்ள ஓர் ஆச்சியை அவருடைய தங்கை மகள் உணவு ஆலோசனைக்காக என்னிடம் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். முந்தைய நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர், வயது எதுவும் சொல்லப்போவதில்லை. காரைக்குடியைச் சுற்றி இருக்கும் எந்த ஊராகவும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு, ஆச்சி தனி, மகன் சிங்கப்பூரில், துணைக்கு இந்தத் தங்கை மகள். பாதி வீடுகள் அப்படித்தானே இருக்கின்றன.

நடந்தது இதுதான். இரவு இரண்டு மணிக்கு ஆச்சி எழுந்து உட்கார்ந்து, காலமாகிப் பத்து வருடமான கணவரைக் கூப்பிட்டிருக்கிறார். சேலை நனைகிற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். மாரடைப்பு என்று பயந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் தெளிவாகத் திறந்து, "ஏன்டி எல்லாரும் தூங்காம இங்க நிக்கிறீக?" என்று கேட்டாராம்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க ஆச்சி?" என்றேன்.

"ரெண்டு துண்டு மீன். வெள்ளரிக்கா. தானியமே சேக்கக் கூடாதுன்னு சிங்கப்பூர்லேருந்து தம்பி வீடியோ அனுப்புனான். நாலு நாளா அதான்."

"ஏழரை மணி மாத்திரை?"

"அதைப் போடாம இருப்பேனா? டாக்டர் சொன்னதாச்சே!"

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் குற்றமே இல்லை. மகன் சொன்னதையும் கேட்டார், டாக்டர் சொன்னதையும் கேட்டார். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த வருடம் என் மேசைக்கு முன்னால் இதே கதை நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆச்சி போட்டது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு எல்லாம் அதே குடும்பம். நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, வெள்ளரிக்காய் சாப்பிட்டீர்களா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. சர்க்கரையை இறக்கும் இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் முடிவு செய்தது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியையும் சோற்றையும் மனதில் வைத்து. தட்டிலிருந்து அதைத் தூக்கிவிட்டு மாத்திரையை மட்டும் அப்படியே வைத்தால், மாத்திரைக்கு வேலை செய்ய வேறு சர்க்கரை எங்கே இருக்கிறது? இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான கத்தி. மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே எந்த மாத்திரை என்று பெயர் தெரிந்திருக்க வேண்டும். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்பது பெயர் இல்லை.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சி உண்மையிலேயே தானியத்தை விட்டார். விட்டதாகச் சொல்லும் மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் விடவே இல்லை.

"சோறே தொடுறதில்ல மேடம்." சரி, என்ன சாப்பிடுறீங்க? "சப்பாத்திதான்." எத்தனை? "அஞ்சு." தொட்டுக்க? "மீன் குழம்பு."

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 64. கேழ்வரகில் 67. சாமையில் 65. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நார் அதிகம் என்பதால் கோதுமையும் கேழ்வரகும் கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனால் ஐந்து சப்பாத்தி என்றால் 150 கிராம் மாவு, கிட்டத்தட்ட 95 கிராம் மாவுச்சத்து. அதைச் சோறாகச் சாப்பிட்டிருந்தால் இரண்டு பெரிய கிண்ணம் வந்திருக்கும். அந்த இரண்டு கிண்ணத்தைப் பார்த்துப் பயந்துதானே சப்பாத்திக்குப் போனீர்கள்?

இன்னொரு வகை, "ராத்திரி சோறு கிடையாது, டிபன்தான்" என்பவர்கள். நம் ஊரில் டிபன் என்றால் என்ன? இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், வெள்ளைப் பணியாரம். எல்லாமே அரிசி. ஊறவைத்து, ஆட்டி, புளிக்கவைத்து, அவித்துவிட்டால் அரிசி வேறு சாதி ஆகிவிடாது. சேமியாவும் ரவையும் கோதுமை. அவலும் பொரியும் நெல். ஓட்ஸ் தானியம். கவுனி அரிசி கருப்பாக இருப்பதால் மருந்து ஆகிவிடாது, பெயரிலேயே அரிசி இருக்கிறது. சிறுதானியத்தின் பெயரில் தானியம் இருக்கிறது. இதற்கு மேல் நான் எப்படிச் சொல்ல? ஜவ்வரிசி ஒன்றுதான் விதிவிலக்கு. அது அரிசியே இல்லை, மரவள்ளிக்கிழங்கு மாவு. ஆனால் அந்த விதிவிலக்கு உங்கள் ரத்தச் சர்க்கரைக்குத் தெரியாது. அதற்கு நேர் எதிர் சுறாப் புட்டு. பெயரில்தான் புட்டு, உள்ளே ஒரு சிட்டிகை அரிசி மாவு கிடையாது. இப்படி ஒரு பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய வீடியோவைத் தேடுகிறோம்.

ஒருவர் மிகவும் சீரியஸாகக் கேட்டார்: வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறோமே, அது தானியக் கணக்கில் வருமா? அண்ணே, அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். முதலில் ஐந்து சப்பாத்தியைப் பேசுவோம்.

இதைப் படித்துவிட்டு நான் சோற்றுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், சோற்றை விடச் சொல்ல எனக்கே வாய் வராது. எல்லாரும் தானியத்தை விட வேண்டிய அவசியமும் இல்லை. இரவு ஒரு வேளை மட்டும் விட்டுப் பார்க்கிறேன் என்றால் செய்யலாம், சிலருக்கு எடையும் சர்க்கரையும் நன்றாகவே இறங்குகின்றன. முறையாகச் செய்யுங்கள் என்பதுதான் என் சண்டை.

முறை என்றால் சமையலிலும்தான். நம் மீன் குழம்பின் புளி, உப்பு, காரம் மூன்றும் சோற்றைக் கணக்கில் வைத்துப் போடுகிற அளவு. சோற்றை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தால் ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு வேறு மாத்திரை தேட வேண்டும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பு வேறு. அதனால் புளியைப் பாதியாக்குங்கள், உப்பை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், சின்ன வெங்காயத்தை இரண்டு மடங்காக்குங்கள். வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் நிதானமாக வதங்கினாலே குழம்பு கெட்டிப்படும். அதோடு தேங்காயும் சோம்பும் கொஞ்சம் அரைத்து விட்டால் போதும், மாவு கரைத்து ஊற்ற வேண்டாம். நெத்திலி என்றால் மாங்காயும் முருங்கைக்காயும் போடுங்கள். சோற்றின் இடத்தில் காய் வர வேண்டும்: கோஸ் துவட்டல், முருங்கைக்கீரைத் துவட்டல், பாசிப்பருப்பு போட்ட பீர்க்கங்காய்க் கூட்டு. பருப்பு தானியம் இல்லை, பயப்படாதீர்கள். ஆச்சி விட்ட இன்னொரு தவறு இதுதான். வெறும் மீனும் வெள்ளரிக்காயும் ஒரு ராத்திரிக்குப் பத்தாது.

வறுவலா? வீட்டில் அரை கிலோ மீனுக்கு ஒரு கரண்டி அரிசி மாவு தூவினால் உலகம் முழுகிவிடாது. கடையில் வாங்கும் மீன் 65-இல் மைதாவும் சோள மாவும் கவசம் மாதிரி இருக்குமே, அதுதான் வேண்டாம். எங்கள் வீட்டில் மாவே இல்லை. நாலு சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, மிளகு, வரமிளகாய், மஞ்சள், தண்ணீர் தெளிக்காமல் மைய அரைத்து, எலுமிச்சைச் சாறும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிடுவோம். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிதமான தீ. மீனைப் போட்டபின் கரண்டியை வைத்துத் தோண்டக் கூடாது. அடிப்பக்கம் வெந்ததும் கல்லை அதுவே விடும், அப்போது ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். மசாலா கல்லோடு போகிறது என்று மாவு போடுகிறவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டுத் திருப்புகிறவர்கள்.

கோதுமை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மீன் வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தினமும் மீன் என்று ஆரம்பித்தவர்கள் கிடைத்ததையெல்லாம் வாங்குகிறார்கள். நமக்குக் கடல் இல்லை. தொண்டியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஐஸில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வண்டியில் வருவது எத்தனை நாள் பழசு என்று யோசியுங்கள். அயிலை, சூரை, மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். "எனக்கு மீன் அலர்ஜி" என்று வந்த சிலரைக் கிளறிப் பார்த்தால் அன்றைய மீன்தான் குற்றவாளி. மற்ற நாளில் அதே மீன் ஒன்றும் செய்திருக்காது. தடைக்காலத்தில் கண்மாய் விராலும் கெண்டையும் உயிரோடு கிடைக்கும்போது எதற்கு இந்த வம்பு? கருவாட்டைத் தினசரிப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது மீனைவிட உப்பு. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் நெத்திலி, மத்தியை அளந்து சாப்பிடுங்கள். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியவர்கள் இந்தக் கட்டுரையை வைத்து எதையும் ஆரம்பிக்கவே வேண்டாம். 150 கிராம் மீனில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆரம்பிக்கும் மற்றவர்களுக்கு:

மாற்றத்துக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள், பிறகு அல்ல. "ராத்திரி தானியத்தை நிறுத்தப்போகிறேன், எந்த மாத்திரையைக் குறைக்கணும்?" என்று கேளுங்கள். ஒரே வாக்கியம். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். அதுவும் வேறு ஒரு ஆபத்து.

டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைப் போடுகிறவர்கள் இன்னும் கவனம். சர்க்கரை அதிகம் ஏறாமலே உடம்பில் கீட்டோன் அமிலம் சேரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால், குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று வீட்டில் உட்காராதீர்கள்.

முதல் இரண்டு வாரம் படுக்கும் முன் ஒரு முறை குத்திப் பாருங்கள். விரல் வலிக்கும். பரவாயில்லை.

வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நூற்றெட்டைக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிளிமிபிரைடு குடும்பத்து மாத்திரைகளின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடாது, திரும்பவும் இறக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா மேல் இருக்கும் அக்கறையில்தான் வீடியோ அனுப்புகிறீர்கள், தெரிகிறது. அனுப்பும் முன் அவர் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேளுங்கள் தம்பி. ஒருமுறை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

ஆச்சிக்கு மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டார். இரவுக்குக் கூட்டும் துவட்டலும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மறுநாள் மீன் குழம்புக்கு ரெண்டு இட்லி இல்லாமயா?" என்றார். காலையில் சாப்பிடுங்கள், அதையும் கணக்கில் எழுதிவிட்டேன் என்றேன்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் மருந்துச் சீட்டு மட்டும் கொண்டு வராதீர்கள். மாத்திரை அட்டைகளையும் டப்பாவோடு எடுத்து வாருங்கள். சீட்டில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது குறைவு.