லே போகும் முன்: எத்தனை நாள், எங்கே படுக்கிறீர்கள்?

மார்ச் பிறந்தால் என் கிளினிக்குக்கு நோய் எதுவும் இல்லாத ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "பரீட்சை முடிஞ்சதும் லடாக் போறோம் டாக்டர். அந்த மலை மாத்திரையை எழுதிக் குடுத்தீங்கன்னா வாங்கி வச்சுக்குவோம்" என்பார்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது வேறு. "டூர் பிளான் போன்ல இருக்கா? காட்டுங்க." இதென்ன டாக்டர் பயண ஏஜென்ட் மாதிரி கேட்கிறாரே என்று சிலர் பார்ப்பார்கள். நாடி பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் தெரியவரும்.

பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்து இரவு, ஆறு பகல். முதல் நாள் காலை விமானத்தில் லடாக்கின் முக்கிய ஊரான லே. மறுநாள் கர்துங் லா கணவாயில் இறங்கி போட்டோ, இரவு நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம். பிறகு லே திரும்பி கடைவீதி, விமானம். கொடுத்த காசுக்கு எல்லா இடத்தையும் பார்த்தாயிற்று என்ற திருப்தி கிடைக்கும். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக மட்டும் அதில் ஒரு நாள்கூட இருக்காது.

ராணுவ மருத்துவனாக லடாக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் பாளையங்கோட்டையில் இந்தக் கிளினிக். அங்கே என் கையால் வைத்தியம் பார்த்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"கொடைக்கானல், ஊட்டி எல்லாம் வருஷா வருஷம் போறோம், ஒண்ணும் ஆகலையே சார்" என்று கேட்பவர்கள் நிறைய. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. தொட்டபெட்டா உச்சியே 2,637தான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லே விமான நிலையம் இருப்பது 3,256 மீட்டரில். விமானப் படிக்கட்டில் இருந்து இறங்கிக் காலைத் தரையில் வைக்கும்போதே ஆனைமுடி உச்சிக்கும் 500 மீட்டருக்கு மேலே நிற்கிறீர்கள். ஊர் அதைவிடவும் உயரம், சுமார் 3,500 மீட்டர். மலைநோய் பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டித்தான் தலைகாட்டும். அதனால் நம்மூர் மலைப் பயணம் எதுவும் இதற்கு ஒத்திகை ஆகாது.

அங்கே காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைவதில்லை. சென்னையிலும் 21 சதவீதம், கர்துங் லாவிலும் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,359 மீட்டர் உயரக் கர்துங் லாவில் கிட்டத்தட்டப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்ததுதான். முதலில் மூச்சை வேகமாக்கும். வேகமாக மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும். அதைச் சிறுநீரகம் மெதுவாகச் சரிக்கட்டும். அந்த வேலைக்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். எவ்வளவு ஜிம்முக்குப் போனவராக இருந்தாலும் சிறுநீரகம் அவசரப்படாது. சொல்லப்போனால், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறி, வேகமாக மாட்டிக்கொள்வதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாடத்தை நம் ராணுவம் விலை கொடுத்துக் கற்றது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த வீரர்களை அவசரமாக மலை உச்சிகளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குண்டு படாமலேயே ஏராளமானவர்கள் விழுந்தார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இப்போது ராணுவத்தில் 9,000 அடி முதல் 12,000 அடி வரையிலான உயரத்துக்கு வரும் வீரருக்கு ஆறு நாள் பழக்கம் கட்டாயம். முதல் இரண்டு நாள் ஓய்வு, முகாமுக்குள் கொஞ்சம் நடக்கலாம், அவ்வளவுதான். பிறகு படிப்படியாக நடை. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் இன்னும் நான்கு நாள். ஊருக்கு லீவில் போய் வெகுநாள் கழித்துத் திரும்பினாலும் மறுபடி பழக வேண்டும். மலையிலேயே பல வருடம் இருந்த சுபேதாருக்கும் இதே விதிதான்.

இருபத்தைந்து வயது வீரனுக்கு ஆறு நாள் கொடுக்கும் அதே ஊரில், அறுபத்தைந்து வயது அப்பாவை இரண்டாம் நாளே கர்துங் லாவுக்கு வண்டியில் ஏற்றுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எந்த மகனும் வேண்டுமென்று செய்வதில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

லே போன முதல் நாள் தலைவலி, வயிற்றைப் புரட்டுவது, சாப்பாட்டில் விருப்பமில்லாமை, அசதி இதெல்லாம் பலருக்கும் வரும். இதுதான் சாதாரண மலைநோய். அங்கேயே இருந்து ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம். ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். காலையும் மாலையும் பில்டர் காபி குடித்துப் பழகியவர், பயணத்தில் காபியை விட்டாலே தலை வலிக்கும். அதை மலைநோய் என்று நினைத்துப் பயந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காபிப் பொடியைக் கையோடு எடுத்துப் போங்கள், நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது மதுவும் தூக்க மாத்திரையும். இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும்.

தலைவலியோடு மேலே ஏறும்போதுதான் விபரீதம். ஒன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது, ஹேப் என்போம். உயரத்துக்குப் போன இரண்டாம் இரவில் இருந்து நான்காம் இரவுக்குள் வருவது வழக்கம். வறட்டு இருமலில் தொடங்கும். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும், படுக்க முடியாது, சளி நுரைத்துச் சிவந்து வரும். இன்னொன்று மூளை வீங்குவது, ஹேஸ். இதில் ஆள் குடித்தவர் மாதிரி தள்ளாடுவார், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். ஓர் அம்மா ஸ்வெட்டர் பொத்தானைப் போடத் தெரியாமல் அரைமணி நேரம் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். களைப்பு என்று வீட்டார் படுக்க வைத்துவிட்டார்கள். நல்லவேளை, ஹோட்டலில் வேலை செய்த லடாக்கிப் பையனுக்குச் சந்தேகம் வந்து எங்களிடம் கூட்டி வந்தான். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் விரல் நுனியை மறுகாலின் குதிகால் தொடும்படி அடிமேல் அடி வைத்து நேராக நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லையென்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. தனியாக விடவும் கூடாது.

ஹேப், ஹேஸ் இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். இங்கேதான் லடாக்கின் நிலவமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பாங்காங் ஏரி 4,250 மீட்டர். அங்கே இரவில் மூச்சுத் திணறினால் லேக்கு இறங்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். ஆனால் வழியில் 5,360 மீட்டரில் சாங் லா கணவாய் நிற்கிறது. கீழே போக, முதலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பைக்கில் வந்த ஓர் இளைஞரை அப்படித்தான் நள்ளிரவில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கணவாயைக் கடக்க வைத்தோம். லே வந்து சேர்ந்து முதல் முறை நிமிர்ந்து பேசியபோது, லேயில் இறங்கிய மறுநாளே தலைவலி இருந்ததாகவும், கூட வந்தவர்களின் பயணம் கெட்டுவிடும் என்று சொல்லாமல் மறைத்ததாகவும் சொன்னார்.

மணாலியில் இருந்து தரைவழியாக வருபவர்களுக்கு சர்ச்சு இதே மாதிரிப் பொறி. 4,290 மீட்டரில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ 4,890 மீட்டர் பாராலாச்சா லா, மறுபக்கம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் தப்பித்தாலும் ஏற்றம்தான். ஸ்ரீநகர், கார்கில் வழியாக வருவது இதைவிட நிதானமான பாதை. கார்கில் 2,676 மீட்டரில் இருப்பதால் அங்கே ஓர் இரவு தங்கினால் உடம்புக்கு நல்ல தொடக்கம்.

இனி திட்டத்தில் நான் செய்யச் சொல்லும் மாற்றம். பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பது முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்க வேண்டும். இது உலகெங்கும் மலை மருத்துவர்கள் சொல்வது. விமானத்தில் லே போகிறவர் இந்த விதியை இறங்கும்போதே உடைத்துவிடுகிறார். ஆகவே லேயில் 48 மணி நேரமாவது இருங்கள் என்று லடாக் நிர்வாகமே சொல்கிறது. நான் மூன்று இரவு என்பேன். முதல் நாள் அறையை விட்டு வெளியே போக வேண்டாம், படி ஏறுவதைக்கூடக் குறையுங்கள். அல்லது விமான நிலையத்தில் இருந்து நேரே சிந்து நதியோடு கீழே ஆல்ச்சிக்குப் போய்ப் படுங்கள். அது லேயைவிட 400 மீட்டர் அளவுக்குத் தாழ்வு, பழைய மடாலயமும் அங்கேதான் இருக்கிறது. அடுத்தது நுப்ரா. நடுவில் கர்துங் லா இருந்தாலும், பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் படுக்கும் இடம் லேயைவிடத் தாழ்வு. கணவாயில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், ஓடாதீர்கள். பாங்காங் கடைசியில். மொத்தம் எட்டு நாளாவது வேண்டும். லீவு ஆறு நாள்தான் கிடைத்தது என்றால் பாங்காங்கை விட்டுவிடுங்கள்.

சரி, மாத்திரை. அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பது. சிறுநீரகம் செய்யும் அந்தச் சரிக்கட்டும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். பெரியவர்களுக்குத் தடுப்பாக 125 மில்லிகிராம் இரண்டு வேளை பொதுவாகப் போதும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரை போட்டாயிற்றே என்று நாளைக் குறைப்பதற்கு மட்டும் அது உதவாது.

கற்பூரம் முகர்ந்தால் ஆக்ஸிஜன் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டது நம்மிடம் வேகமாகப் பரவியிருக்கிறது. கிடைக்காது. குழந்தை எடுத்து வாயில் போட்டால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. கையில் எடுத்துப் போகும் ஆக்ஸிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் முதல் நாள் லேயில் 85, 88 என்று காட்டினால் பதற வேண்டாம், அங்கே அது சகஜம். 92 காட்டுகிறது, ஆனால் தலை வெடிக்கிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள், தலையை நம்புங்கள்.

சிறு குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் சிணுங்கினால், சாப்பிடாமல் விளையாடாமல் கிடந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத பிரஷர் இருப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், போட்ட பிறகு இல்லை. கேதார்நாத் 3,583 மீட்டர் என்பதும், ஹெலிகாப்டரில் போனால் சில நிமிடங்களில் அந்த உயரத்தில் இறக்கிவிடும் என்பதும், கயிலாயப் பரிக்கிரமாவில் தாண்டும் டோல்மா லா 5,630 மீட்டர் என்பதும் யாத்திரை போகும் பெரியவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அவர்கள் தலைவலியை ஈசன் வைக்கும் சோதனை என்று பொறுத்துக்கொள்வார்கள். அப்புறம், லடாக்கில் வெளிமாநில பிரீபெய்ட் சிம் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் எண் இருக்கட்டும்.

போன வருடம் ஒரு குடும்பம் ஆச்சியையும் பேரன்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூன்றாம் நாள் காலை லேயில் இருந்து எனக்கு போன். "ஆச்சிக்கு நேத்து ராத்திரியில இருந்து தலைவலி நிக்கலை, காலையில இட்லி மாவு மிக்ஸ்ல செஞ்சு கொடுத்ததையும் தொடலை. நாளைக்குப் பாங்காங், முன்பணம் கட்டியாச்சு. போகலாமா டாக்டர்?" ஆச்சியிடமே போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். பேச்சு தெளிவாக இருந்தது. நேராக நடக்கச் சொன்னேன், நடந்தார். உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. மேலே ஏற வேண்டாம், தலைவலி கூடினால் லே அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள் என்றேன். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும், பேரன்கள் அந்த ஏரிக்காகத்தான் வந்திருந்தார்கள். பிறகு, "சரி, போகலை" என்றார். அன்று மாலை ஆச்சி ரசம் கேட்டாராம்.