காற்றுக்கு ஒரு வழி விடு தம்பி

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு பக்கி, அதாவது பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டி, வந்து கடை வாசலில் நின்றது. பின்னால் கோணி போட்டு மூடிய சர்ஃப் பலகை, கடல் அலைமேல் நின்று சறுக்குவது. இறங்கிய பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரன். கோணியை விலக்கினேன். வாலிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மேல்தோல் ஓரத்தை விட்டுப் பிரிந்து, வெடித்த வெள்ளரிப்பழம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே விலாச் சட்டங்கள் தெரிந்தன. அழகாக அறுத்திருந்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய அலமாரியின் முதுகுப் பலகையையும் கட்டட வேலையில் கழித்துப் போட்ட பிளைவுட்டையும் வைத்து மூன்று மாதம் மெனக்கெட்டிருக்கிறான். பே ஆஃப் பிளென்டி கடற்கரைக் கார் நிறுத்தத்தில் வெயிலில் வைத்துவிட்டு, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சௌ சாப்பிடப் போன நேரத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டதாம்.

"காற்றுத் திருகு எங்கே தம்பி?" என்றேன். உள்காற்று வெளியேறப் பலகையில் போடுகிற ஓட்டையை மூடுகிற திருகு அது.

"வைக்கலை அங்கிள். ஓட்டை போட்டா தண்ணி உள்ள போயிடாதா?"

இந்த வருடம் இதே பதிலோடு வந்த ஐந்தாவது பலகை இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மரவேலையும் படகு ரிப்பேரும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். பிளந்த பலகையை ஒட்டிக் கொடுத்தால் எனக்குக் காசு. ஆனாலும் பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டை போட்டால் தண்ணீர் போகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குடத்தில் ஓட்டை விழுந்தால் ஒழுகும், படகில் விழுந்தால் மூழ்கும். எங்கள் ஊர்க் கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது, ஏனென்றால் அது முழுக்க மரம், உள்ளே காற்று அடைபடவே இல்லை. நீங்கள் செய்கிற பலகையோ உள்ளே கூடு. முதுகெலும்பு மாதிரி நடுவில் ஒரு சட்டம், குறுக்கே விலாக்கள், மேலும் கீழும் மூன்று நான்கு மில்லிமீட்டர் தோல். மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்று சும்மா இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் ஒட்டி மூடிய பலகை. வார்னிஷ் அடித்த மரம் டிசம்பர் வெயிலில் (இங்கே அது கோடை) கிடந்து உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். 12 சதவீதம்தானே என்று தோன்றும். சதுர மீட்டருக்கு அது 1,200 கிலோ. எட்டடிப் பலகையின் மேல்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஒரு டன். ஒரு டன் பக்கி நிறைய மணல் ஏற்றி, அதை அலமாரி முதுகுப் பலகையின் உள்பக்கமாக வைத்துத் தள்ளுகிற மாதிரி. பூரி உப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மாவு நெளிந்து கொடுக்கும். எபாக்ஸிப் பசை பூசிய பிளைவுட் கொடுக்காது. எங்கே ஒட்டு பலவீனமோ அங்கே விடும்.

சில பலகைகள் வெடிப்பதில்லை. ஓரத்தில் ஊசிமுனை அளவு விரிசல் விட்டு, சூடான காற்று அது வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அப்படியே தூக்கிக்கொண்டு கடலில் இறங்குகிறீர்கள். தண்ணீர் பட்டதும் உள்காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த விரிசல் இப்போது உறிஞ்சுகுழல். கடல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாளும் வெயில், மறுநாளும் கடல். ஆறு மாதத்தில் விலாக்கள் கறுத்து, ஒரு மாதிரி ஊறுகாய் வாடை. ஓட்டை போடாமல் மூடியவனின் பலகைதான் தண்ணீர் குடிக்கிறது. காற்றுக்கு நீங்கள் வழி வைக்காவிட்டால் அது தானே வழி பண்ணிக்கொள்ளும். அதற்குத் திருகும் கிடையாது, ரப்பர் வளையமும் கிடையாது.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பண்டிகை விடுமுறைக்கு இறங்கி வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரம், அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. வழியில் மேட்டு ஊரான ஹாரிஸ்மித்தில் குடித்து மூடி வைத்த காலித் தண்ணீர் பாட்டில், வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்து சேரும்போது நசுங்கிக் கிடப்பதைப் பார்த்ததில்லையா? மேலே மூடிய பலகைக்கும் அதே கதி. தோல் விலாக்களுக்கு இடையில் குழி விழுந்து, பசித்த மாட்டின் வயிறு போல வந்து சேரும். இங்கே செய்து அங்கே கொண்டு போனால் நேர் எதிர்.

இது ஒன்றும் புது ஞானமில்லை. அமெரிக்காவின் அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் 1932இல் உள்ளே கூடான சர்ஃப் பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துப் பலகைகளிலேயே தண்ணீர் வடிக்க அடைப்பான் இருந்தது.

வைக்க வேண்டியது சின்னப் பித்தளைத் திருகு, அடியில் ரப்பர் வளையம். மேல்தோலில் மூக்கு பக்கமாக, அடியில் கெட்டி மரத்துண்டு ஒட்டி அதில் பதியுங்கள். கரைக்கு வந்ததும் திறக்க வேண்டும், கடலில் இறங்கும்முன் மூட வேண்டும். மறதிக்காரர்களுக்கு, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கிற சவ்வு வைத்த அடைப்பான்களும் கிடைக்கின்றன. அப்புறம் விலாக்கள். ஒவ்வொரு விலாவிலும் காற்று திருகு வரை போக ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டை எடை குறைக்க மட்டும் என்று நினைத்து சில பேர் நடுவில் நாலைந்து விலாக்களை முழுசாக விட்டுவிடுகிறார்கள். திருகு இருந்தும் பலகை பிளந்து வந்த ஒரே கேஸ் அதுதான். மூக்கு அறை மூச்சு விட்டது, வால் அறை விடவில்லை.

ஒழுகுகிறதா என்று பார்க்க சோப்புத் தண்ணீர் தடவி, திருகு ஓட்டையில் வாயால் லேசாக ஊதினால் போதும். குமிழி காட்டிக் கொடுக்கும். தயவுசெய்து கம்ப்ரஸரைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஒருவர் கொண்டு போனார். மேல்தோல் கராஜ் கூரையில் இடித்தது.

பழைய பலகையைப் பொறுக்குவதைப் பற்றி. மறுபயன்பாடு நல்ல விஷயம், நானே குப்பைத் தொட்டியை எட்டிப் பார்க்கிறவன்தான். ஆனால் கான்கிரீட் வார்க்க அச்சாகக் கட்டுகிற ஷட்டர்பிளை என்ற பிளைவுட்டில் கான்கிரீட் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். எண்ணெய் குடித்த மரத்தில் எபாக்ஸி பிடிக்காது, மேலாகத் தேய்த்தாலும் போகாது. அது கனமும் அதிகம், தோலுக்கு ஆகாது. அலமாரி முதுகு என்று எடுப்பதில் பாதி, பிளைவுட்டே இல்லை, அழுத்திய நார்ப்பலகை. ஈரம் பட்டால் ரஸ்க் மாதிரி ஊறும். சந்தேகமாக இருந்தால் விரல் நீளத் துண்டை ஒரு பழைய சட்டியில் இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டு, காயவைத்து, மறுபடி கொதிக்க விடுங்கள். அடுக்கு பிரிந்தால் தூக்கிப் போடுங்கள். சாம்பார் வைக்கிற பாத்திரம் வேண்டாம், வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.

பச்சை ஓடிய மரம் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றியதாக இருக்கலாம். அறுக்காதே, தேய்க்காதே, இறைச்சி சுடுகிற பிராய் அடுப்பிலும் போடாதே. பழைய வீட்டுக் கதவின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதையும் தேய்க்க வேண்டாம். நல்ல மரத்தின் தூளே போதும் நோய் வர. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உப்புத்தாள் போடுவது முகமூடி ஆகாது. எபாக்ஸி கையில் பட்டால் அசிட்டோன் போட்டுக் கழுவாதீர்கள், சோப்பு போதும். அதற்கு முன்னால் கையுறை போதும். என் பழைய கூட்டாளி ஒருவர் பத்து வருடம் வெறும் கையால் பூசினார். இப்போது டப்பா மூடியைத் திறந்தாலே முகம் வீங்குகிறது. ஒரு தடவை அந்த ஒவ்வாமை பிடித்துவிட்டால் தொழிலையே விட வேண்டியதுதான், அவர் விட்டுவிட்டார்.

பலகையை முடித்த அன்றே எடை போட்டு, அந்த எண்ணைத் திருகு பக்கத்தில் பென்சிலால் எழுதி, மேலே வார்னிஷ் அடியுங்கள். மாதம் ஒருமுறை குளியலறைத் தராசில் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் தெரியும். ஒரு கிலோ கூடியிருந்தால் உள்ளே ஒரு லிட்டர் கடல்.

சாட்ஸ்வொர்த் பையனின் பலகையை ஒட்டிவிட்டேன். ஓட்டையை மட்டும் அவனையே போட வைத்தேன். துளைக்கருவியைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றான், கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினான். திருகாணிச் சாவியை அவன் கார் சாவிக்கொத்திலேயே மாட்டிவிட்டிருக்கிறேன். காரைப் பூட்டும்போது கையில் அது தட்டுப்படும், திருகை மூடியாச்சா என்று ஞாபகம் வரும். மற்றவர்களும் வர வேண்டுமென்றால் டிசம்பர் 15க்குள் வாருங்கள். அதற்கப்புறம் ஜனவரி வரை கடை பூட்டு. வரும்போது பலகையைப் பக்கியில் வெயில் படாமல் மூடிக்கொண்டு வாருங்கள்.