பர்ஃபர்ட் ஆலயத்தின் சுவரைச் சுரண்டுமுன்

பழங்கட்டடங்களின் பழுதுகளை ஆய்ந்து அறிக்கை தருவது என் தொழில். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில், பர்ஃபர்ட் ஊரின் சேகர ஆலயமான புனித யோவான் ஸ்நானகன் ஆலயத்தில், ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத்தகட்டில் ஆண்டனி செட்லி என்ற பெயரும் 1649 என்ற ஆண்டும் 'கைதி' என்ற சொல்லும் கீறப்பட்டிருக்கின்றன. எங்கள் தொழிலின் வழக்கமான படிவத்தில் அது 'மேற்பரப்புச் சேதம்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஆண்டு மே மாதம், உள்நாட்டுப் போரில் மன்னரை வீழ்த்திய நாடாளுமன்றத் தரப்பின் தளபதி கிராம்வெல்லின் படையில் கலகம் செய்த, சம உரிமை கோரிய லெவலர் இயக்கத்து வீரர்கள் சுமார் 340 பேர் இந்த ஆலயத்துக்குள்தான் அடைக்கப்பட்டிருந்தார்கள். மே 17 அன்று அவர்களில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கட்டடமும் அப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த சாட்சிதான். நடுக்கோபுரத்தின் கீழ்நிலைகள் தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட 12ஆம் நூற்றாண்டு நார்மன் பாணி வேலை. கம்பளி வணிகத்தால் ஊர் செழித்த 15ஆம் நூற்றாண்டில் அதன் மேல் கூர்முடி ஏறியது. முதலில் தனித்து நின்ற வணிகர் சங்கச் சிற்றாலயமும் பின்னர் ஆலயத்தோடு இணைக்கப்பட்டதால், தரைப்படம் ஒழுங்கற்றுத் தெரிகிறது. அந்த ஒழுங்கின்மையே அதன் வரலாறு.

1870களில் இங்கு நடந்த திருப்பணியைக் கண்டு வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் கொதித்தார். ஆலயம் என்னுடையது, விரும்பினால் இதற்குள் தலைகீழாகவும் நிற்பேன் என்று ஆலயத்தின் குருவானவர் அவருக்குப் பதில் சொன்னதாகக் கதை உண்டு. 1877இல் மாரிஸ் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்ற செல்லப்பெயர் வந்ததற்குக் காரணம், பழைய காரையைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டும் அந்தக்கால மோகம்.

அந்த மோகம் இன்னும் ஓயவில்லை என்பதே என் கவலை. இடைக்கால ஆலயங்களின் உட்சுவர்களில் ஓவியங்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த மதச்சீர்திருத்தக் காலத்தில் அவற்றை மறைக்க அடித்த வெள்ளையே பல இடங்களில் அவற்றைக் காப்பாற்றியது. சுரண்டினால் ஓவியமும் சேர்ந்து உதிரும். இதைவிடப் பொதுவான தவறு, கல்லிடுக்குகளில் சிமென்ட் பூசுவது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமென்ட் விடாது. வழியில்லாத ஈரம் மென்மையான சுண்ணாம்புக்கல்லின் வழியே வெளியேறும், பனிக்காலத்தில் அதற்குள்ளேயே உறைந்து கல்லின் முகத்தை உடைக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்: தேய்ந்த சாந்தை மாற்றிவிடலாம், தேய்ந்த கல்லை மாற்றினால் அது வேறு கல்.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டட ஆய்வு நடத்த வேண்டும். பெரும்பாலான மாற்றங்களுக்குத் திருச்சபையின் சட்ட அனுமதியும் தேவை. ஆலயக் குழுவினர் சிலர் இதை வீண் தாமதம் என்று சலித்துக்கொள்கிறார்கள். உளியை எடுக்குமுன், உரிய அனுமதியோடு, ஓவியப் பாதுகாப்பு வல்லுநரைக் கொண்டு ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் வெள்ளையை அடுக்கடுக்காக நீக்கிப் பார்க்கச் செய்யுங்கள். அந்தச் சோதனைக்குச் சில நாட்கள்தான் ஆகும்.